எல்லாம் அழிந்துவிடும்... சம்மதமா?

“...அதெல்லாம் சரி தம்பி, அப்ப என்ட சத்தம் எங்க?”

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலேகால் மணி. தன்னாமுனையில் என் வீட்டுப் படலைக்கு முன்னால் நின்று திரேசக்கா இப்படிக் கேட்டார். அதற்கு முன் நான் பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசியிருந்தேன். ஃபோர்மட், பூட்டபிள், பார்ட்டிஷன் என்று வாய்க்கு வந்த கொம்பியூட்டர் வார்த்தை எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரே கேள்வி.

திரேசக்கா எங்கள் பக்கத்துப் பாண்காரி. காலையும் பின்னேரமும் பேக்கரியிலிருந்து ஓட்டோவில் பாண் கொண்டு வருவார். ஓட்டுவதும் அவரே, விற்பதும் அவரே. மற்றப் பாண் ஓட்டோக்கள் எல்லாம் ஒரே மியூசிக்கைப் போட்டுக்கொண்டு வரும். எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? திரேசக்காவின் ஸ்பீக்கரில் மட்டும், அதில் செருகியிருக்கும் பென் ட்ரைவிலிருந்து, அவருடைய குரலே வரும்.

“பாண்... சுடச்சுடப் பாண்... பணிஸ் இருக்கு, மீன் வச்ச மாலு பாண் இருக்கு... ஓடி வாங்க புள்ளையள்!”

முடிவில் ஒரு சிரிப்பு. பதிவு செய்யும்போது மாடு ஒன்று வந்து பணிஸ் தட்டில் வாய் வைத்துவிட்டதாம். சிரித்ததை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார். எங்கள் ஒழுங்கையில் அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவார்கள்.

அதைப் பதிவு செய்த அடுத்த வருடம் அவருக்குக் கழுத்தில் ஒபரேஷன். உயிருக்கு ஒன்றுமில்லை. குரல்தான் போய்விட்டது. கதைப்பார்... கரகரவென்று, பக்கத்தில் நின்றால் விளங்கும். கூவ ஏலாது. “நான் வாயத் திறக்காட்டியும் என்ட ஓட்டோ கத்தும்” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலும் சத்தம் வராது.

சரி, இதற்குள் நான் எங்கே வந்தேன்?

என் லெப்டொப் பழசு. இனிமேல் அப்டேட் கிடையாது என்று அதுவே அறிவித்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் வேறொரு ஓஎஸ்ஸை, அதாவது இயங்குதளத்தை, போட்டால் பழைய லெப்டொப்பும் பறக்கும் என்று யூடியூப்பில் ஒருவர் சொன்னார். ஓஎஸ்ஸை டவுன்லோட் செய்ய வேண்டும். ஒரு பென் ட்ரைவில் எழுத வேண்டும். அதைச் செருகி லெப்டொப்பை எழுப்ப வேண்டும். சும்மா கொப்பி பண்ணினால் சரிவராது. அதற்கென்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. அது பென் ட்ரைவை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் எழுதும். எல்லாம் நானாகவே பார்த்துப் படித்தது. என் படிப்பு முழுக்கவே அப்படித்தான் – உங்களுக்குத் தெரியாததா?

என்னிடம் இருந்த பென் ட்ரைவில் இடம் போதவில்லை. அன்று காலை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒழுங்கையில் அந்தச் சிரிப்பு.

“அக்கா, உங்கட பென் ட்ரைவ ஒருக்காத் தாங்களன். பின்னேரம் நீங்க வெளிக்கிட முதல் தந்திருவன்.”

“என்னத்துக்கு?”

“லெப்டொப்புக்கு உயிர் குடுக்கப் போறன்.”

“குடு, குடு. ஆனா அதுக்குள்ள கிடக்கிறது என்ட உயிர். கவனம், வேற கொப்பி இல்ல. பதிஞ்ச போன் வாவிக்குள்ள விழுந்து போச்சி.”

மறந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அதுதான் இன்னும் என்னால் தாங்க முடியாதது. முதல் வேலையாக அந்தக் குரலை என் லெப்டொப்பில் கொப்பி எடுத்தேன். போட்டும் பார்த்தேன். சிரிப்பு வரைக்கும் கேட்டேன். எவ்வளவு பொறுப்பான மனிதன்!

பிறகுதான் பென் ட்ரைவ். ‘இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?’ என்று திரையில் ஒரு பெட்டி கேட்டது. கொப்பிதான் இருக்கிறதே... யெஸ்.

பென் ட்ரைவைச் செருகி லெப்டொப்பை எழுப்பினேன். புதிய ஓஎஸ்ஸும் அதையே கேட்டது. இந்த லெப்டொப்பில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா? என் கட்டுரைகளையும் படங்களையும் ஞாயிற்றுக்கிழமையே தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டு அலுமாரியில் வைத்தாயிற்று. பிறகென்ன... யெஸ்.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையா? எனக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் பிடித்தது.

புதிய திரை பளிச்சென்று வந்ததும் தனியாக இருந்து கைதட்டினேன். மூன்று மணிக்கு, திரேசக்காவின் குரலைத் திரும்பப் பென் ட்ரைவில் போட்டுவிடுவோம் என்று தேடினேன். துடைத்துவிட்ட கரும்பலகை மாதிரி இருந்தது லெப்டொப். வீட்டை இடிக்கப் போகிறவன், பக்கத்து வீட்டுக்காரியின் நகையை வாங்கி அதே வீட்டுக்குள் பூட்டி வைத்தால் எப்படி? தன்னுடைய நகையை மட்டும் முதலே வெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டு!

வந்தாறுமூலை கம்பசில் கொம்பியூட்டர் படிப்பிக்கும் நண்பருக்குப் போன் அடித்தேன். அவர் சொன்னபடி ஏதேதோ போட்டுத் தோண்டினேன். பெயரில்லாத துண்டு துண்டாக ஏதேதோ வந்தது. குரல் வரவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: “ரெண்டையும் துடைச்சி, ரெண்டுக்கு மேலயும் எழுதிப் போட்டு... மறுகா என்னத்தடாப்பா எடுக்கிற?”

ஒரு நாளைக்கு எத்தனை பெட்டிகளுக்கு யெஸ் சொல்கிறோம்? பெட்டியிலும் ஒரு குறை இருக்கிறது. சம்மதமா என்று மட்டும்தான் கேட்கிறது... அழியப் போவது யாருடையது என்று கேட்பதில்லை.

நாலு மணி தாண்டியதும் படலை தட்டப்பட்டது. ஓட்டோ வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவருடைய சத்தம்தான் இல்லையே. பென் ட்ரைவைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பத்து நிமிடப் பிரசங்கத்தைச் செய்தேன். அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார். ‘என்ட சத்தம் எங்க?’

அதற்குள் பக்கத்து வளவுக்குள்ளிருந்து பிலோமினா மாமியின் குரல் வந்தது.

“தம்பி, மணி நாலரையாகுது. திரேசா இண்டைக்கு வரல்லையாமா?”

ஓட்டோ நிற்பது மாமியின் படலைக்கு நேரே! திரேசக்கா வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. இன்னொரு தரம் முயன்றார். கழுத்து நரம்பு மட்டும் எழும்பி நின்றது.

“இஞ்சதான் நிக்கிறா மாமி! பாண் வந்திருக்கு, வாங்க!” என்று நான்தான் கத்தினேன். மாமி ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு படலைகள் திறந்தன.

திரேசக்கா அந்தப் படலைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உன்ட எழுத்தெல்லாம் பத்திரமா?”

“...ஓம் அக்கா.”

“அது நல்லம்.”

அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திராது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்துத் திரையைத் தட்டினார்.

“‘பாண்... சுடச்சுடப் பாண்...’ எண்டு முதல்ல இருந்து சொல்லு. கடைசியில சிரிக்கவும் வேணும்” என்று கரகரத்துவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி என் வாய்க்கு நேரே பிடித்தார்.