கழுவிய விதை

இன்றைக்கும் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தத் தண்ணீரின் நிறம்தான். மலேசியாவில், சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம், அதில் மிச்சமிருந்த தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் ஒன்று, அதன் பின்பக்கம் ஒரு குழாய், குழாயடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசன். பேசன் நிறைய ரோஸ் நிறத் தண்ணீர். மண்டோர் அண்ணன் குந்தி உட்கார்ந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, சோயா விதைகளை அரிசி களைவதுபோலக் களைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா தங்கச்சி, எம்புட்டு மருந்து! மூணாவது தண்ணி, இப்பதான் தெளிஞ்சு வருது லா" என்றார்.  வாசல் பக்கம் ஓடிப் பார்த்தேன். இரண்டு மூட்டை விதையும் அதிகாலையிலேயே கழுவப்பட்டு, நான்கு பாய்களில் வெயிலில் பரப்பப்பட்டிருந்தது. பேசனில் இருந்தது கடைசி ஈடு.

மண்டோர் என்றால் தோட்டத்தில் ஒரு கூட்டத்துக்கு வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கிறவர். ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை நட்டபோது அவருடைய கூட்டம் கலைந்துபோயிற்று. அவரும் பட்டணத்தில் ஒரு கிடங்குக்கு ஜாகாவாக, அதாவது காவல்காரராக, போய்வர ஆரம்பித்தார். ஆனாலும் பட்டம் மட்டும் அவரை விடவில்லை. எழுபதை நெருங்கும் வயதில், வலிக்கிற முழங்காலோடு, கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டையில் அவர் வந்து நின்றால், லயத்தில் யாருக்கும் தன்னையறியாமல் முதுகு நிமிரும். அந்த லயத்தில் ஆறு பெண்கள் விடியுமுன் வேன் ஏறி ஈப்போவில் ஒரு ஃபேக்டரிக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே ஒரு வேலை உண்டாக்கிவிட வேண்டும் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். தோட்டத்தில் மறுபடி நட்ட இளஞ்செம்பனைகளுக்கு இடையே வரிவரியாக நிலம் சும்மா கிடந்தது. அதில் பயிர் வைத்துக்கொள்ள விடுங்கள் என்று ஒரு வருஷம் மேனேஜர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார். இரண்டு ஏக்கரில் சோயா போட்டுக் காட்டுங்கள், பதினாலாம் நாள் அதிகாரி வந்து நாற்றை எண்ணட்டும், வரி நிறைந்திருந்தால் நிலம் உங்களுக்கு, இல்லாவிட்டால் மண்ணை மூடுகிற கொடியாக மூடுபயிர் நட்டு வேலி போட்டுவிடுவோம். இதுதான் பேச்சு.

விதை கொடுத்தது எங்கள் ஆபீஸ். ஈப்போவில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் நான் உதவியாளர். பதினான்கு வருஷமாக விதை எண்ணுவதுதான் பிழைப்பு. மணல் தட்டில் நூறு விதை ஊன்றுவேன், எத்தனை தலை நீட்டுகின்றன என்று எண்ணுவேன், நீட்டியதில் எத்தனை நோஞ்சான் என்று தனியே எண்ணுவேன். சோயா மாதிரி சீக்காளியான விதையை நான் பார்த்ததில்லை. எண்ணெய்ப் பசை உள்ள உடம்பு, மெல்லிய தோல். நம்முடைய புழுக்கத்தில் நாலு மாதம் மூட்டையில் இருந்தாலே பாதி உயிர் போய்விடும். மிச்ச உயிரோடு ஈர மண்ணில் விழுந்தால், அது தலை தூக்குவதற்குள் பூஞ்சணம் தின்றுவிடும். அதனால்தான் அந்த ரோஸ் பொடி. விதையைச் சுற்றி அது ஒட்டியிருக்கும் வரைக்கும் பூஞ்சணம் கிட்டே வராது. பத்து நாள் காவல் கிடைத்துவிட்டால், வேர் பிடித்து இலை விட்டு அது தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். பொடி போட்ட தட்டையும் போடாத தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒன்றில் நாற்று தண்டு பருத்து, கரும்பச்சையில் சேர்ந்தாற்போல எழுந்து நிற்கும். மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறதும் கோணிக்கொண்டு நிற்கும்.

இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியவள் நான். விதைப்புக்கு நாலு நாள் முன்னால் கோயில் மண்டபத்தில் அரை மணி நேரம் பேசினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எதையும் பயமுறுத்திச் சொன்னால்தான் ஏறும் என்று ஒரு நினைப்பு. "இது விஷம். வெறுங்கை படக் கூடாது. பிள்ளைங்க தொடக் கூடாது. கோழி திங்கக் கூடாது" என்று மூன்று தடவை சொன்னேன். கையுறை ஆபீசிலிருந்து வரும் என்றும் சொன்னேன். அந்த ஆறு பெண்களும் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்கள். மண்டோர் அண்ணன் பின்வரிசையில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நல்லா உறைத்துவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு. விதையைக் கழுவாதீர்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை. சத்தியமாக எனக்குத் தோன்றவேயில்லை. மருந்து போட்ட விதையைக் கழுவுகிறவர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று ஆபீஸில் உட்கார்ந்து எண்ணுகிற எனக்கு எப்படித் தெரியும்?

கையுறை வரவில்லை. மேலே கையெழுத்து ஆகவில்லை என்றார்கள்.

அன்றைக்கு அந்தப் பாய்களின் முன் நின்றபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சோயா விதை தண்ணீரைக் கண்டால் மடக்மடக்கென்று குடித்துவிடும். குடித்த வேகத்தில் தோல் வெடிக்கும், உள்ளே இருக்கிற பருப்பு விரிசல் விடும், அதிலிருந்து கசிகிற இனிப்புக்குப் பூஞ்சணம் தேடி வரும். வெயிலில் காயவைத்தால் இன்னும் மோசம். பாயிலிருந்த விதைகளில் பாதிக்குத் தோல் சுருங்கி, சட்டை பெரிதான குழந்தைபோல் இருந்தது. காவலும் போயிற்று, காவலுக்குள் இருந்ததும் போயிற்று. வேறு விதை ஆபீஸிலும் இல்லை, அடுத்த லாட் வர மாதமாகும். அதிகாரி வரும் தேதி குறித்தாயிற்று. பெண்கள் ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, தலையில் துண்டு கட்டி, வரப்பில் வந்து நின்றுவிட்டார்கள். மண்டோர் அண்ணன் அந்தக் காலத்துப் பெரட்டில், காலை ஆள்கணக்கெடுப்பில், நின்று பெயர் கூப்பிடுவதுபோல, எதிரே நிற்கிற ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்களும் சிரித்துக்கொண்டே "இருக்கேன்ணே" என்றார்கள். அந்த நேரத்தில் நான் என்ன சொல்வேன்? "சீக்கிரம் போட்டுடலாம் அண்ணே, வெயில்ல வச்சிருக்க வேணாம்" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பாயிலிருந்து ஒரு கைப்பிடி விதையை எடுத்துத் தாளில் மடித்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். விதைத்து முடித்த சாயங்காலமே மழை கொட்டியது. "நல்ல சகுனம் லா" என்றார் அவர்.

மறுநாள் ஆபீஸில் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் அதே லாட்டின் கழுவாத விதை. இன்னொன்றில் நான் கொண்டுவந்தது. வேண்டாத தெய்வமில்லை. ஐந்தாம் நாளில், முதல் தட்டு கொள்ளாமல் நிறைந்து நின்றது. இரண்டாவதில் எழுந்தவை கொஞ்சம். அவற்றிலும் சில பருப்பிலை உடைந்து மொட்டைத் தலையோடு, சில வளைந்த கழுத்தை நிமிர்த்தத் தெம்பில்லாமல் அப்படியே மண்ணைப் பார்த்துக்கொண்டு. மணலைக் கிளறினால் மற்றதெல்லாம் கொழகொழவென்று நாறியது. எண்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கரில் இதேதான் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அங்கே யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் மண்டோர் அண்ணன் போன் பண்ணுவார். "இன்னும் வரல தங்கச்சி. நாளைக்கு வரும்ல?" நான் "பாப்போம் அண்ணே" என்பேன். போனை வைத்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதுவிட்டு வருவேன். எங்கள் ஆபீஸ் மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். "விளக்கம் நீதானே கொடுத்தே? எழுதிக் கொடு, பயிரிட்டவர்கள் கையாண்ட விதத்தில் பிழைன்னு" என்றார். அப்படி எழுதினால், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நிலம் எதற்கு என்பார்கள். எழுதாவிட்டாலும் நிலம் போகத்தான் போகிறது.

பதினாலாம் நாள் நானும் போயிருந்தேன், அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், வேண்டுமென்றே மெதுவாக எண்ணினார். ஒரு வரியில் பத்தடிக்கு மூன்று, அடுத்ததில் ஒன்று, அதற்கடுத்ததில் வெறும் மண். மூன்றாவது வரியோடு நோட்டை மூடிவிட்டார். "மாஃப் லா, பாக் சிக்" என்று மலாயில் மன்னிப்புக் கேட்டு, மண்டோர் அண்ணனின் தோளைத் தொட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் மறைந்த பிறகுதான் மண்டோர் அண்ணனுக்குக் கோபம் வந்தது. ஆறு பேரில் மூத்த அக்காவைப் பிடித்துக்கொண்டார். "ஆழமா போட்டுட்டியே! ரெண்டு விரக்கடைன்னு சொன்னேனா இல்லையா? உன்னால ஆறு பேரு பொழப்பு போச்சு" என்று கத்தினார். அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

மண்டோர் அண்ணன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, விதையைக் கழுவியதுதான் காரணம் என்று சொன்னேன். அவர் மனைவி எங்களுக்குத் தேநீர் வைத்துவிட்டுத் தன் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் மடங்காது. சில விரல்களில் நகமே கிடையாது. பால்மரக் காலத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற கூட்டத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். மண்டோர் அண்ணன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "கழுவாம போட்டிருந்தா மொளச்சிருக்குமா?" என்றார்.

"மொளச்சிருக்கும் அண்ணே."

அவர் தன் தேநீரைத் தள்ளி வைத்தார். பிறகு மனைவியின் பக்கம் கையைக் காட்டினார். "இவ கூட்டத்துக்கு நாந்தான் மண்டோர், தெரியுமா? பம்ப எடுத்துத் தோள்ல மாட்டிவிட்டது இந்தக் கைதான். மருந்து கையில ஊத்துது, எரியுதுன்னு சொல்லுவாளுங்க. ஒண்ணும் ஆகாது போங்கன்னு வெரட்டுவேன். நீ அன்னைக்குக் கோயில்ல விஷம் விஷம்னு சொன்னப்ப எனக்குத் தூக்கம் போச்சு தங்கச்சி. கையுறையும் வரல. நான் வேற என்ன செய்வேன்?" அவர் மனைவி கோப்பையைக் கீழே வைத்தார். "விடுங்க" என்றார், அவ்வளவுதான்.

 மண்டோர் அண்ணன் சட்டையை மாட்டிக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டுக்கொண்டே பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வாசலாக நின்றார். "நாந்தாம்மா கெடுத்தேன். வெதைய நான் கழுவியிருக்கக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு அடுத்த வாசல். ஒருத்தி "பரவால்லண்ணே" என்றாள். ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள், மறுநாள் விடியலில் அவளுக்கு வேன் இருந்தது. அந்த நிலத்தில் இப்போது மூடுபயிர் கொடி முழங்காலளவு படர்ந்து கிடக்கிறது, வேலியும் போட்டாயிற்று. ஆறு பேரும் இன்னும் ஈப்போவுக்குத்தான் போகிறார்கள். சில சமயம் ஈப்போவில் அவர்கள் வேனைப் பார்ப்பேன், கையாட்டுவார்கள்.

அன்றைக்குக் கடைசியாகப் போனது அந்த மூத்த அக்காவின் வீடு. அக்கா வெளியே வரவில்லை, மண்டோர் அண்ணனே உள்ளே போனார். நான் வாசற்படியில் நின்றேன். "உன்னத் திட்டிட்டேன். தப்பு எம்மேலதான். நான் கழுவாம இருந்திருந்தா வெதை மொளச்சிருக்குமாம், தங்கச்சி சொல்லுது" என்றார். அக்கா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"மொளச்சிருக்காதுண்ணே" என்றார். "நீங்க கழுவுனீங்கன்னுதான் நாங்க வெதையில கை வச்சோம்."