நான் அலசிக் கெடுத்த நரம்புகள்

ஸ்பிரிட் வாசனை... இளஞ்சூடான கோழிமுட்டை ஓடு விரலில் உரசுவது... அந்த லேபை நினைத்தாலே முதலில் வருவது இதுதான்.

அப்போது சென்னையில் ஒரு ஆராய்ச்சி லேபில் ஆறு மாத வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஏரிக்கு நடுவில் இருக்கும் பசியாவரத்திலிருந்து படகேறி, பஸ் மாறி வந்தவள். ஆறு மாதத்தில் செய்து காட்டினால் பிஎச்டி இடம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் நைனா வேறு, படகுத்துறையில் நிற்கிறவரையெல்லாம் பிடித்து, "எம் பொண்ணு நரம்பு எப்டி மொளைக்குதுனு பாக்குது, தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நரம்புதான் முளைக்கவே இல்லை!

முட்டைக்குள் வளரும் குஞ்சிலிருந்து துளி நரம்புத் திசுவை எடுத்து, டிரிப்சின் என்ற கரைசலை ஊற்றி, செல்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். பிறகு டிஷ்ஷில் போட்டு, வளர்ச்சி மருந்து கொடுத்தால் ஒவ்வொரு செல்லிலிருந்தும் இழை நீள வேண்டும். சீனியர்களுக்கு நீண்டது. எனக்கு உருண்டை உருண்டையாக உட்கார்ந்திருந்தன. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. என்ன வீம்போ!

நாலு மாதம் போனது. முட்டையை மாற்றினேன், மருந்தை மாற்றினேன், சாமிக்கு வேண்டிக்கொண்டேன். "அடுத்த வாரமும் வரலன்னா பாக்கலாம்மா" என்றார் லேபை நடத்திய சார். அந்தப் 'பாக்கலாமு'க்கு என்ன அர்த்தம் என்று லேபில் எல்லாருக்கும் தெரியும். பாத்ரூமில் போய் அழுதேன்.

பக்கத்து டேபிள் பர்வீன், ராயபுரத்துக்காரி. அன்றைக்குத் தன் வேலையை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி இது? ஊத்துற, அலசுற... மறுபடி ஊத்துற, மறுபடி அலசுற... வலையா அது?"

"வழுவழுப்பு போவணும்ல?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

எங்கள் வீட்டில் ஏரியிலிருந்து வலை வந்ததும், மீனின் வழுவழுப்பு கொஞ்சமும் இல்லாமல் போகிறவரை அலச வேண்டும். விட்டால் நாறும், மறுநாள் மீனும் ஏறாது என்பார் நைனா. சின்ன வயதில் பழகிய கை, இங்கேயும் அதையே செய்திருக்கிறது! அஞ்சு நிமிஷம் என்று எழுதிக்கொடுத்த டிரிப்சினை இருபது நிமிஷம் ஆக்கியிருந்தேன். சுத்தமாகச் செய்கிறேன் என்ற பெருமை வேறு.

செல்லின் மேல்பூச்சில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே புரோட்டியோகிளைக்கன் என்று ஒன்று உண்டு. புரதத்தால் ஆன தண்டு, அதிலிருந்து தொங்கும் சர்க்கரைச் சரங்கள். 'வளரு' என்று வெளியிலிருந்து வரும் சேதியைப் பிடித்து செல்லிடம் சேர்ப்பதில் அந்தச் சரங்களுக்குப் பெரிய பங்கு. புரதத்தை வெட்டும் டிரிப்சினை அளவுக்கு மேல் ஊற்றி அதை மொட்டையடித்துவிட்டு, சேதி போகவில்லையே என்று சாமியைத் திட்டியிருக்கிறேன்.

மறுநாள் கையை அடக்கிக்கொண்டு செய்தேன். அஞ்சே நிமிஷம், ஒரே அலசல். உதிர்ந்த சரங்கள் திரும்ப வளர ஒரு நாள் விட்டேன். பிறகு மருந்து. அதற்கடுத்த நாள் காலை மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால்...

யப்பா! டிஷ் முழுக்க இழை!

"பர்வீன்! மொளைச்சிடுச்சுடி!"

நான் போட்ட சத்தத்தில் சார் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"பழைய டிஷ் படத்தையெல்லாம் அழிச்சிடாதம்மா. பூச்சு போனா வளரல, இருந்தா வளருது. ரெண்டும் சேர்ந்தாத்தான் பேப்பர்."

நாலு மாதத் தோல்வியும் ஒரே நொடியில் ஜெயித்துவிட்டது! பிஎச்டி இடமும் கிடைத்தது. உடனே ஊருக்கு போன் போட்டேன்.

"நைனா! அலசாம வுட்டேன், நரம்பு மொளைச்சிடுச்சு!"

"அலசாமயா? நாறாது?"

இப்போது எனக்கென்று ஒரு லேப் இருக்கிறது. கை தப்பு செய்யாமலிருக்க டைமர், மெஷின் எல்லாம் வந்துவிட்டன. பக்கத்து டேபிளில் பர்வீன்தான் இல்லை. வெளிநாட்டிலிருந்து பிறந்தநாளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள்: "இன்னாடி, அலசாம கீறியா?" சிரிப்பு வரும், கொஞ்சம் அழுகையும் வரும்.

ஊருக்குப் போனால் நைனா இன்னமும் வலையை என் பக்கம்தான் தள்ளுகிறார். லேபில் அடக்கிவைத்த ஆசையெல்லாம் தீர அலசிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.