வெறும் தண்ணீருக்கு ஏறிய முள்

ஆய்வகத்தில் அவளுக்குத் 'தொட்டியக்கா' என்று பெயர். பட்டம் வைத்தவர்களைத் திட்டித் திட்டி அலுத்துப்போய், கடைசியில் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வேலையும் அப்படித்தான். சாப்பாட்டுத் தட்டின் ஆழம்கூட இல்லாத ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதன்மேல் கொழுப்பு கரைந்த சொட்டுகளை விடுவாள். கரைப்பான் ஆவியானதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏடு மிஞ்சும். உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வுக்கு அது மாதிரி. நல்ல அணுவின் சவ்வைப் போல ஒன்று, புற்றுநோய் அணுவின் சவ்வைப் போல ஒன்று. அடியில் புதுமருந்தை ஊசியால் செலுத்துவாள். அந்த மருந்தும் கொழுப்பு வகைதான். ஏட்டுக்குள் நுழைந்தால் அழுத்தமானியின் முள் ஏறும். அவ்வளவுதான் விஷயம். அதில் ரத்தமும் இல்லை, சதையும் இல்லை.

இதெல்லாம் அவளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் நோய் அணுவின் ஏட்டில் முள் ஏறி, நல்ல அணுவின் ஏட்டில் அசையாமல் நின்றபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே தங்கை வீட்டுக்கு ஓடினாள். தங்கைக்கு மார்பில் கட்டி. மருத்துவமனையில் பாதி சிகிச்சைதான் முடிந்திருந்தது.

"கெட்டதுக்குள்ள மட்டும் போகுதுடி! நல்லதத் தொடவே இல்ல!"

"நெஜமாவா அக்கா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், மகராசி.

சில வாரம் கழித்து ஆய்வகத் தலைவர், "மருந்தே இல்லாம வெறும் தண்ணிய ஏத்திப் பாரும்மா" என்றார். ஏற்றினாள். முள் அதற்கும் ஏறியது. மண்டையைப் பிய்த்துக்கொண்டவள், கடைசியில் தன் விரல்களைப் பார்த்தாள். சிகிச்சையால் வெடித்துப்போன தங்கையின் உள்ளங்கால்களுக்குக் காலையில் களிம்பு தடவிவிட்டு, அந்தப் பிசுக்கு விரலோடே கையுறையை இழுத்து மாட்டியிருக்கிறாள். உறைமேல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு ஊசிமுனைக்கும், அங்கிருந்து தொட்டிக்கும் போய் முள்ளை ஏற்றியிருக்கிறது. நோய் அணுவைச் சோதித்த நாட்களிலும் இதே கதைதான்; நல்ல அணுவைச் சோதித்த நாட்களில் அவள் தங்கை வீட்டுக்குப் போகவே இல்லை. கையைத் தேய்த்துக் கழுவி மறுபடி செய்தாள். மருந்து எந்த ஏட்டிலும் நுழையவில்லை.

"நல்லவேளை, கட்டுரை அனுப்பறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது" என்றார் தலைவர். அவருக்கு அதோடு தீர்ந்தது.

மாலையில் தங்கை வீட்டுக் கதவைத் திறந்தது தங்கையின் கணவர்.

"அண்ணி, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. போன ரெண்டு தடவையும் ஊசிக்கு வரமாட்டேன்னுட்டா. அக்காவோட மருந்து வரட்டுங்கறா."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். தங்கை போர்வைக்குள் கால்களை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வருஷமா எங்கிட்ட நல்ல சேதி சொன்னது நீ ஒருத்திதான்" என்றாள்.

மறுநாள் அக்காவோடு மருத்துவமனைக்குப் போனாள். புதிதாக எடுத்த படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கட்டி பெரிசாயிருக்கு. நடுவுல யாரு உங்கள நிறுத்தச் சொன்னது?"

அக்கா வாயைத் திறந்தாள். தங்கை அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லல டாக்டர். எனக்கு ஊசின்னா பயம்."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. படித்தவள்தானே, உயிர்மேல் ஆசை இல்லையா என்று வாய்க்கு வந்தபடி பேசினார். அத்தனையையும் தங்கை தலை குனிந்து வாங்கிக்கொண்டாள்.