மாலைக்கு ஜாமீன்

என் கல்யாண மாலை காலை மெயிலிலேயே ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. வந்தும் கைக்கு வரவில்லை. ஐம்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. கடைவீதியில் எங்கள் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. ஜன்னலில் நின்று, அப்பா வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்தேன்.

கொழும்புப் பூக்கடைக்காரர் வழக்கம்போல மாலையை ரயிலில் போட்டு, ரசீதைத் தபாலில் அனுப்பியிருந்தார். ரசீதைக் காட்டினால்தான் பார்சல் கிடைக்கும். சரக்கு வண்டி மூச்சுவாங்கி மலையேறி வர, தபால் முந்திக்கொண்ட காலத்தில் போட்ட சட்டம் அது. இப்போதோ இரண்டும் ஒரே மெயிலில் வந்தன. பார்சல் ஸ்டேஷனில் இறங்கிவிட, தபால் மட்டும் திங்கட்கிழமைவரை தபாலாபீஸில் தூங்கும்.

பார்சல் கிளார்க் எங்கள் கடையில் அரிசி வாங்குகிறவர். கல்யாணத்துக்கும் அழைத்திருந்தோம்.

"நான் யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்று அப்பா கேட்டாராம்.

"ஒங்களத் தெரியுமுங்க மொதலாளி. மாலை ஒங்களுதுன்னு ரசீதுக்குத்தானே தெரியும்?" என்றாராம் அவர். வேறொரு வியாபாரி ஜாமீன் எழுதிக் கொடுத்தால் விடலாமாம். போட்டிக் கடைக்காரர்களிடம் போய் அதைக் கேட்க அப்பாவுக்கு மனம் வரவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு நானே போய்க் கூடையைத் தூக்கி வந்திருப்பேன். அம்மா கதவைச் சாத்திவிட்டாள். முகூர்த்தத்துக்குள் வேறு மாலைக்குப் பூ ஏது? அழுகை முட்டியது.

கொட்டகலையிலிருந்து ரயிலில் வரும் மாப்பிள்ளை வீட்டாரை அழைக்க அப்பா மறுபடி ஸ்டேஷனுக்குப் போனார். மானம் போகுமென்று அவர்களிடம் மூச்சுவிடவில்லை. கிளார்க்தான் மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறார்.

"நீங்களும் கடை வச்சிருக்கீங்கல்ல? நீங்களே போடுங்க ஜாமீன்."

சிறிது நேரத்தில் மாலைக்கூடையைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையே தெருவில் வந்தார். மாடியிலிருந்து பார்த்துச் சிரித்துவிட்டேன்.

மறுநாள் ரசீது வந்தது. கொட்டகலைக்கு ரயிலேறப் போனபோது அதைக் கொடுத்தோம். கிளார்க் ஜாமீன் பத்திரத்தைத் திருப்பித் தந்தார். இவர் அதைக் கிழிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அதான் முடிஞ்சுபோச்சே, எதுக்கு?" என்றேன்.

"மாலைக்குத்தான் முடிஞ்சுச்சு. ஒனக்குப் போட்டது இருக்கட்டும்."

சில வருஷம் கழித்து, ரசீது இல்லாவிட்டாலும் அனுப்பிய ஸ்டேஷன் தந்தி கொடுத்தாலே போதும் என்று சட்டத்தை மாற்றினார்கள். கடைக்கு அது பெரிய சௌகரியம். ஆனால் அதை மாற்ற ஏன் இத்தனை தாமதம் என்று நான் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.