அவர் பேரில் நான் அழுத்தியது

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னை நல்லவன் என்று நினைக்கிறவர்கள் ஹட்டன் டவுனில் இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

நான் ஒரு தகட்டுப் பட்டறையில் வேலை செய்கிறேன். சுற்றியுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய தட்டுகளையும் மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலிகளையும் இங்கேதான் வெட்டி மடித்துக் கொடுக்கிறோம். முன்பெல்லாம் தகட்டில் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து, பழைய மெஷினைக் காலால் மிதித்து மடிப்போம். இரண்டு வருடத்துக்கு முன் முதலாளி தொடுதிரை வைத்த மெஷின் ஒன்றை இறக்கினார். தகட்டின் தடிப்பு, நீளம், மடிக்கும் கோணம் மூன்றையும் திரையில் தட்டினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். கால் மிதி மட்டும் பழையபடி இருந்தது. திரையில் ஏழெட்டு பாஷை இருந்தது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை; ஆங்கிலத்தில்தான் வைத்திருந்தோம். உயர்தரம் வரை படித்திருந்ததால் பட்டறையில் அந்த ஆங்கிலத்தை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

என்னோடு அதே மெஷினில் வேலை செய்தவர் எங்கள் அக்கரப்பத்தனைத் தோட்டத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் பட்டறையில் என்னைச் சேர்த்துவிட்டதே அவர்தான். பழைய மெஷினில் அவர் மடித்த தகட்டை முதலாளி அளந்து பார்க்கக்கூட மாட்டார். திரை வந்ததும் அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் செல்லாக்காசாகிவிட்டது. வெல்டிங் சூட்டில் காய்த்துப்போன அவர் விரல்களைத் திரை லேசில் மதிக்காது. இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் ஏற்றுக்கொள்ளும். எழுத்தைப் பார்க்காமல் படத்தையும் நிறத்தையும் வைத்துத்தான் வேலையைப் பழகிக்கொண்டார்.

காலையில் மெஷினைப் போட்டதும் திரையில் எங்கள் பெயர்கள் வரும். அவரவர் பெயரைத் தொட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். யார் பேரில் எத்தனை மடிப்பு என்று அதுவே வைத்துக்கொள்ளும். அதை முதலாளி பார்க்கத் தொடங்கியதிலிருந்து அண்ணனுக்கு நிம்மதி போயிற்று. குறைந்தவனைத் துரு சுரண்டும் கொட்டகைக்கு அனுப்பிவிடுவேன் என்று முதலாளி இரண்டு முறை சொல்லியிருந்தார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். என் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கும் அக்கா தன் கொழுந்தில் இரண்டு கிலோவை அள்ளி அம்மாவின் சாக்கில் போட்டுவிடுவாள். நிறுவைக்கு வரும் கணக்கப்பிள்ளைக்கும் அது தெரியும். அதைக் களவு என்று எங்கள் மலையில் யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் அதைத்தான் செய்தேன். அண்ணன் தேத்தண்ணி குடிக்கப் போகும்போது அவர் பேரைத் தொட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து தகட்டை மடித்து வைப்பேன். அவருக்கும் தெரியும். "ஒனக்கு வேற வேல இல்லியா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்.

அந்த மெஷினின் முன்பக்கத்தில் ஒரு சிவப்பு ஒளிக்கோடு ஓடும். மேலிருந்து மடிப்புக் கத்தி இறங்கும்போது விரல் அந்தக் கோட்டைத் தொட்டால் மெஷின் அப்படியே நின்றுவிடும். அண்ணனுக்கு அதன்மேல் அபார நம்பிக்கை. ஆனால் நான்கு பக்கமும் விளிம்பு வைத்த தட்டு மடிக்கும்போது அந்த விளிம்பே கோட்டை மறைத்து மெஷினை நிறுத்திவிடும். அதனால் திரையில் பெட்டிப் படம் ஒன்று உண்டு. அதைத் தொட்டால் ஒளிக்கோடு அணைந்துவிடும். வேலை முடிந்ததும் மறுபடி தொட்டு அதை எரிய விட வேண்டும். மறந்தால் திரையின் மூலையில் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரி கிடக்கும். அது ஆங்கிலத்தில் கிடக்கும்.

அன்று காலை அண்ணன் தேத்தண்ணிக்குப் போனார். நான் அவர் பேரைத் தொட்டேன், பெட்டிப் படத்தைத் தொட்டேன், பன்னிரண்டு தட்டு மடித்தேன். தகட்டு லொறி வந்துவிட்டது, இறக்க ஆள் வேண்டும் என்று முதலாளி வெளியிலிருந்து கத்தினார். போட்டது போட்டபடி ஓடினேன்.

அண்ணன் திரும்பி வந்தபோது திரையில் அவர் பேர்தான் இருந்தது. பீலிப் படத்தைத் தொட்டு, சின்னத் துண்டு ஒன்றைக் கத்திக்கு அடியில் விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்திருக்கிறார். கத்தி நிற்கவில்லை. அவர் அலறியது லொறிக்குப் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

அவரை லொறியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். மூலையில் மஞ்சள் வரி அப்படியே இருந்தது. நான் அதை வாசித்தேன். பிறகு பெட்டிப் படத்தைத் தொட்டு ஒளிக்கோட்டை எரிய விட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே ஏமாற்ற நான் தயாரில்லை. பயத்தில் செய்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தேன்.

நாலாம் நாள் மெஷின் விற்ற இடத்திலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். சிங்களவர், பொறுமையான மனிதர். திரையில் எங்கெங்கோ தொட்டு, அன்று காலை நடந்ததையெல்லாம் வரிவரியாக எடுத்தார். எத்தனை மணிக்கு ஒளி அணைந்தது, யார் பேரில் அணைந்தது எல்லாம் அதில் இருந்தது. அது மறுபடி எரிந்த நேரத்தை யாரும் கேட்கவில்லை. முதலாளிக்குச் சிங்களம் அரைகுறை. சிங்களம் தெரிந்த என்னைக் கூப்பிட்டு, "என்னா சொல்றாரு? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு" என்றார்.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் மொழிபெயர்த்தேன். "லைட்ட அணைச்சது அண்ணனோட பேர்லதாங்க இருக்கு" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என் கெட்டிக்காரத்தனம்.

"தானே அணைச்சிட்டு தானே கைய விட்டிருக்கான். நான் என்னா செய்ய?" என்றார் முதலாளி. எஞ்சினியர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தார். அண்ணனுக்கு இனி இங்கே வேலை இல்லை என்று அன்றைக்கே முடிவாயிற்று. நான் வாயைத் திறந்திருந்தால் அந்தத் தாளில் என் பேர் இருந்திருக்கும். திறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கரப்பத்தனைக்குப் போனேன். லயத்து வீட்டு வாசலில் பலகை போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "படிச்சிப் படிச்சிச் சொன்னேன் தம்பி, புது மெசினு, பாத்து வேல செய்யுங்கன்னு. கேட்டாத்தானே" என்று சொல்லி உள்ளே போனார். அண்ணன் தலை குனிந்தபடி இருந்தார்.

அவர் மனைவி போனதும் மெதுவாகக் கேட்டார். "தம்பி, ஒண்ணு கேக்குறேன், ஒளிக்காம சொல்லு. நான் அந்தப் பொட்டிப் படத்த தொட்டேனா? எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது. அன்னைக்கு நான் தட்டே மடிக்கலியே?"

அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு, "காலையில மொதல்ல ரெண்டு தட்டு மடிச்சீங்களேண்ணே" என்றேன். "நீங்கதான் தொட்டீங்க. நான் பாத்தேன்."

அவர் இடது கையால் என் முழங்காலைத் தட்டினார்.

"அப்ப சரி. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நான் ஒன்னையத்தான் சந்தேகப்பட்டேன் தம்பி. எனக்காகத் தட்டு மடிச்சி வச்சிட்டு மறந்துட்டியோன்னு. கூடப் பொறந்த மாதிரி இருக்கவன அப்புடி நெனச்சிட்டேன். மனசுல வச்சிக்காத, என்னய மன்னிச்சிரு."

"பரவாயில்லண்ணே" என்றேன்.