கவிஞரும் கஞ்சியும்

மரியரஞ்சனிக்குக் கவிதை என்றால் ஆகாது. மன்னாரில் படித்த காலத்தில் செய்யுள் மனப்பாடம் செய்யாமல் வெயிலில் நின்றதோடு அந்த உறவு முறிந்துவிட்டது. ஒஸ்லோவில் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பது அவளுடைய வேலை. அவளிடம்தான் ஒரு கவிஞரை ஒப்படைத்தார்கள். அதுவும் ஓர் ஆங்கிலேயரை.

பெர்சிவல் டன்னிங் நோர்வேக்காரியைக் கட்டி, ஒஸ்லோவின் புறநகரான புருசெத்திலேயே தங்கிவிட்டவர். மனைவி இறந்த பிறகு அவளுடைய மழைக்கோட்டை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு திரிந்தார். தண்ணீரில்லாத குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதுவார். எழுதியதைப் பல்கனியில் காகங்களுக்கு வாசிப்பார். காகம் பறந்துவிட்டால் அந்தக் கவிதையைக் கிழித்துவிடுவார்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த மரியரஞ்சனி, ஆளுக்கு மறதி நோய் என்று தானே முடிவுகட்டி அலுவலகத்தில் சொல்லிவிட்டாள். சோதிக்க ஒரு தாதி வந்தாள். எல்லாக் கேள்விக்கும் மனிதர் நோர்வேஜிய மொழியில் எதுகை வைத்துப் பதில் சொன்னார், ஒன்றும் பிழையாகவில்லை. பிறகு, இன்றைக்கு என்ன கிழமை என்று இவளிடமும் கேட்கச் சொன்னார். மரியரஞ்சனி வெகு உறுதியாக வியாழன் என்றாள். அன்று புதன். தாதி குனிந்து எதையோ எழுதினாள். அது தன்னைப் பற்றியதாக இருக்கக்கூடாதே என்று இவள் மாதாவை மன்றாடினாள்.

டன்னிங் கோபிக்கவில்லை. நீ என் கவிதை ஒன்றைக் கேட்டால்தான் நான் ஒரு மருந்துக் குளிசை விழுங்குவேன் என்று மட்டும் நிபந்தனை போட்டார். அவருக்கோ நிறையக் குளிசைகள். காகத்தின் உத்தியோகம் இவளுக்கு வந்தது. விளங்காத இடத்திலெல்லாம் தலையாட்டினாள். விளங்கிய இடத்தில் ஆட்ட மறந்துபோனாள்.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் நூலகத்தில் அவருடைய கவிதை வாசிப்பு நடந்தது. அவளைப் பற்றியும் ஒன்று உண்டு என்று சொல்லியிருந்தார். மரியரஞ்சனி பட்டுச்சேலை உடுத்தாள். மகள் அனஸ்ரேசியா தடுத்துப் பார்த்தாள்.

“அம்மா, இது கலியாண வீடில்லை.”

“என்னைப் பற்றின கவிதை, பிள்ளை. ஆக்கள் திரும்பிப் பாப்பினம்.”

திரும்பிப் பார்க்கத்தான் செய்தார்கள். கவிதை அவளுடைய கண்ணையோ கருணையையோ பற்றியதல்ல. அவள் காய்ச்சும் ஓட்ஸ் கஞ்சியைப் பற்றியது. அதில் கரண்டி தானாக நிமிர்ந்து நிற்குமாம். அதைக் குடித்த காலைகளில் மரணம் வந்து பார்த்துவிட்டு, வயிற்றில் தனக்கு இடமில்லை என்று திரும்பிவிடுமாம். சபை குலுங்கியது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிய மரியரஞ்சனி, கரண்டியை நினைத்ததும் தானும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள்.

மறுநாள் வெட்கத்தில் கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சிக் கொடுத்தாள். டன்னிங் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

“இதைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை” என்றார்.

மரியரஞ்சனி இன்னும் ஒரு பிடி ஓட்ஸை அள்ளிப் போட்டு, அடுப்பை மூட்டினாள்.