நிரஞ்சலா வாய் மூடியிருந்த மாதம்

இல்லை, அது அப்படி இல்லை. நிரஞ்சலா தமிழ்தான் கதைப்பேன் என்ற பிடிவாதத்தால் பெற்ற பிள்ளையின் நாக்கைக் கட்டிப்போட்டாள் என்று, பிரெஞ்சு கதைக்கிற இந்த நகரத்தில் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் முழுக்கக் கதை. பூசை முடிந்து தேத்தண்ணியோடு நிற்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒருவராவது அந்த வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தவர்களா? அவள் மகள் மெலனியைப் பிடித்து இன்றைக்கு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தமிழில் தொடங்கி, பிரெஞ்சில் சண்டை பிடித்து, ஸ்பானிய மொழியில் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். இதுவா கட்டிப்போட்ட நாக்கு?

நிரஞ்சலா மட்டக்களப்பில் பிறந்த நாளிலிருந்தே வாய்க்காரி. சோறு வடிக்கும்போது சோற்றோடு கதைப்பாள். பஸ் பிந்தினால் பஸ்ஸோடு கதைப்பாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பிள்ளை, இரண்டரை வயதாகியும் அம்மா, பால், வேணாம் என்ற மூன்று சொல்லோடு நின்றுவிட்டது. வசம்பு உரசி நாக்கில் தடவிப் பார்த்தாள். பிள்ளை துப்பியதே தவிரக் கதைக்கவில்லை.

கணவன் ஜெறோமின் அக்கா றெஜினா, ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் இருந்து வந்து இறங்கினாள். பக்கத்து ஊர் லொங்குய்யில் அவளோடு வேலை செய்கிற ஒருத்தி சொன்னாளாம், சின்னத் தலைக்குள் இரண்டு மொழியைத் திணித்தால் ஒன்றும் வெளியே வராது என்று.

"ஒரே ஒழுங்கைக்குள்ள ரெண்டு பஸ் வந்தா ரெண்டும் நிண்டிடும் நிரஞ்சி."

"உங்கட தலைக்குள்ள மூண்டு மொழி இருக்கு மச்சாள். ஒண்டும் நிக்கிற மாதிரித் தெரியல்லியே."

"என்ர தலை வேற. செப்டெம்பரில புள்ள பாலர் பள்ளிக்கு, கார்தெறிக்குப் போகோணும். அங்க வாயத் திறக்காட்டி ஊமையெண்டு எழுதிப்போடுவாங்கள். மறுகா என்னட்ட வந்து அழாத."

பிள்ளைக்கு நல்லது என்றால் நாக்கை அறுத்து வை என்றாலும் வைக்கிற தாய்தான் நிரஞ்சலா. சரி என்றாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் பிரெஞ்சு மட்டும் என்று எழுதி, றெஜினா குளிர்ப்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாள்.

ஆனால் அந்த வீட்டில் பிரெஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. நிரஞ்சலா தெருமூலைத் தெப்பனர் கடையில் கல்லாவில் நின்றவள். வணக்கம், பை வேணுமா, நன்றி, போய் வாருங்கள். அவளுடைய பிரெஞ்சு அவ்வளவுதான். ஜெறோம் வீடு வீடாகப் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறவன். இங்கே கையெழுத்து வையுங்கள், நாய் கடிக்குமா. இது அவனுடையது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு குடும்பம் நடத்த வேண்டும்.

நடத்தினார்கள். ஒருநாள் கறியில் உப்புக் கூடிவிட்டது. அதைச் சொல்ல ஜெறோமிடம் சொல் இல்லை. கடல் என்று காட்ட இரண்டு கையாலும் நீந்திக் காட்டினான். நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போகிறான் என்று மகிழ்ந்து, நிரஞ்சலா துவாயோடு பிள்ளையை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். நாலாம் கிழமை மெலனி ஒரு பொலித்தீன் பையைத் தூக்கிக்கொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் "சாக்?" என்று நீட்டத் தொடங்கினாள். பை வேணுமா என்று கேட்கிறாள். வீடு மந்திரிக்க வந்த ஃபாதருக்கும் நீட்டினாள். றெஜினா தொலைபேசியில் துள்ளினாள்: "பாத்தியா, பிரெஞ்சு வந்திட்டுது."

அந்த ஒன்றுதான் வந்தது. பழைய மூன்று சொல்லும் போய்விட்டன.

பிறகு ஒரு பின்னேரம் வெளியே இரும்புப் படியில் மெலனி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அழுகிற பிள்ளையைத் தூக்கிய நிரஞ்சலா, ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தாள். பிரெஞ்சில் ஒன்றும் இல்லை. நன்றி, போய் வாருங்கள் என்றா சொல்வது? மேல் வீட்டில் இருந்து எல் சல்வடோர்க்காரி யொலாண்டா ஓடிவந்து பிள்ளையை வாங்கி, தன் ஸ்பானிய மொழியில் கொஞ்சினாள். ஒரு சொல்லும் விளங்காமலே பிள்ளை அடங்கி, அவள் தோளில் சாய்ந்தது. தன் பிள்ளை இன்னொருத்தியின் மொழியில் அடங்கியதைப் பார்த்து நிரஞ்சலா படியில் அப்படியே இருந்துவிட்டாள்.

யொலாண்டாவுக்கு விளங்கிற்று. உடைந்த பிரெஞ்சிலும் கையாலும் தன் கதையைச் சொன்னாள். அவளுடைய மூத்தவளும் பிந்திக் கதைத்தவள்தான். தேவாலய மணிக்குள் விட்ட தண்ணீரைப் பருக்கினாளாம். பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஸ்பானிய மொழியையே வீட்டில் நிறுத்தினாளாம். இப்போது அந்தப் பெண் தொலைபேசியில் பாட்டியைக் கண்டால், பஸ் சாரதிக்குக் காட்டுவதுபோலக் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாளாம். இளையவளோடு யொலாண்டா எதையும் நிறுத்தவில்லை. இளையவள் இரண்டிலும் வாயாடுகிறாள்.

அந்த ஞாயிறு றெஜினா கேக்கோடு வந்தாள். சாப்பாட்டு மேசையில் நிரஞ்சலா வாயைத் திறந்தாள்.

"ஆ காட்டு மகள். அம்மா ஊதித் தாறன்."

றெஜினா குளிர்ப்பெட்டியில் ஒட்டியதை விரலால் தட்டினாள். "வீட்டுக்குள்ள தமிழ் கதைக்கப்படாதெண்டு சொன்னனான்."

"ஓம் மச்சாள். வீட்டுக்குள்ளதானே."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்தாள், மெலனிக்குச் சப்பாத்தைப் போட்டாள், கதவைத் திறந்தாள், வெளியே போனாள். முதல் படியிலேயே தொடங்கினாள்.

"இதுதான் உன்னை விழுத்தின படி, ஒரு உதை குடு. அந்தா அணில், ஆற்றயோ பாணைத் தூக்கிக்கொண்டு போறான் கள்ளன். இவர் தபால்காரர், இவருக்கு ஒரு கால் வலி..."

ஒரு மாதத்துக் கதை. தெருவே திரும்பிப் பார்த்தது. பிள்ளை தாயின் வாயைப் பார்த்தபடியே நடந்தது, சிரித்துச் சிரித்து நடந்தது.

பின்னால் ஜெறோம் பிள்ளையின் தொப்பியோடு ஓடிவந்தான். "தொப்பிய விட்டிட்டு வந்திட்டாய் நிரஞ்சி. அதோட ஒண்டு சொல்லோணும். எனக்கு வேலை நேரம் மாத்தி மூண்டு கிழமையாச்சு."

"அத இப்பதானா சொல்லுறீங்க?"

"எந்தப் பாசையில சொல்லுறது?"

மெலனியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தபடி தெரு மூலையைத் திரும்பினார்கள்.